காது கூசும் பாட்டெல்லாம் ஆபாசமா?

ஒரு பாட்டு காதில் விழுந்ததும் "இதையெல்லாம் எப்படித்தான் வெளியிட விடுகிறார்களோ" என்று சலித்துக்கொள்கிறோம். அந்தச் சலிப்புக்குள் நாலு தனித்தனிக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. பாட்டு நம்மைப் புண்படுத்துகிறதா? சட்டத்தின் கணக்கில் அது ஆபாசமா? அதை நிறுத்துவது யார்: அரசா, கடைக்காரரா, வானொலி நிலையமா? எப்போது நிறுத்துகிறார்கள், தீர்ப்புக்கு முன்பா, பின்பா? நாலையும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்தால் எந்த விவாதமும் நகராது. அவற்றைப் பிரித்துப் பார்க்கப் பழகுவதற்கு 1990இல் ஃபுளோரிடாவில் நடந்த ஒரு வழக்கு நல்ல பாடம். கருத்துச் சுதந்திரம் பற்றிய பொதுவான பேச்சைவிட, அந்த வழக்கில் எது எங்கே பிசகியது என்று பார்ப்பது அதிகம் கற்றுத்தரும்.

ஒரு காசெட், ஒரு ஷெரிஃப்

மயாமியைச் சேர்ந்த 'டூ லைவ் க்ரூ' என்ற ராப் குழு 1989இல் 'ஆஸ் நாஸ்டி ஆஸ் தே வான்னா பி' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. பாலுறவைப் பற்றிய பச்சையான வரிகள், பெண்களைக் கேவலப்படுத்தும் வரிகள் எல்லாம் அதில் ஏராளம். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. கெட்ட வார்த்தைகளை நீக்கிய இன்னொரு பதிப்பையும் குழு விற்பனைக்கு விட்டிருந்தது. நீக்காத பதிப்பே பல மடங்கு அதிகமாக விற்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1990 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் புரோவார்ட் கவுன்டியில் (நம் மாவட்டம் போன்றது) ஷெரிஃபாக, அதாவது காவல் தலைவராக, இருந்த நிக் நவாரோவின் துறை விசாரணையில் இறங்கியது. துணை அதிகாரி ஒருவர் கடையில் காசெட்டை வாங்கி, அதிலிருந்த 18 பாடல்களில் 6 பாடல்களின் வரிகளை எழுதியெடுத்து உள்ளூர் நீதிபதியிடம் கொடுத்தார். மார்ச் 9 அன்று நீதிபதி, ஆல்பம் ஆபாசமானது என்று கருத முகாந்திரம் இருக்கிறது என ஓர் உத்தரவு பிறப்பித்தார். முகாந்திரம் என்பது விசாரணையைத் தொடங்குவதற்கான அளவு. தீர்ப்பு அதற்கு வெகுதூரத்தில் இருக்கிறது. ஆனால் ஷெரிஃபின் ஆட்கள் அந்த உத்தரவின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு 15 முதல் 20 கடைகளுக்குப் போய், "இனி விற்றால் கைது செய்யப்படலாம்" என்று எச்சரித்தார்கள். சில நாளில் கவுன்டி முழுவதும் அலமாரிகளிலிருந்து ஆல்பம் காணாமல் போனது. சீல் வைத்த கடை எதுவும் இல்லை, பறிமுதலும் இல்லை. பயம் மட்டுமே வேலை செய்தது.

குழு அதே மாதம் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது.

மூன்று கேள்விகள், மூன்றுக்கும் 'ஆம்'

அமெரிக்க அரசியலமைப்பின் முதல் சட்டத்திருத்தம் (1791) பேச்சுக்குக் கொடுக்கும் பாதுகாப்பு மிக அகலமானது. புண்படுத்தும் பேச்சு, கொச்சை, தெய்வ நிந்தனை எல்லாம் அதற்குள் அடங்கும். வேலிக்கு வெளியே நிற்கும் சில வகைகளில் ஆபாசமும் ஒன்று. ஆகவே இப்படிப்பட்ட வழக்கில் எது ஆபாசம் என்ற வரையறைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1973இல் மில்லர் எதிர் கலிஃபோர்னியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் ஒரு சோதனையை வகுத்தது. ஒரு படைப்பு ஆபாசம் என்று சொல்ல மூன்று கேள்விகளுக்கும் 'ஆம்' வர வேண்டும்.

முதல் கேள்வி: அந்த வட்டாரத்தின் இன்றைய அளவுகோலை வைத்துப் பார்க்கும் சராசரி மனிதருக்கு, படைப்பு முழுமையாக எடுத்துக்கொண்டால், வக்கிரமான காம இச்சையைத் தூண்டுவதாக இருக்கிறதா? இரண்டாவது: மாநிலச் சட்டம் குறிப்பாகப் பெயர் சொல்லியிருக்கும் பாலியல் செயல்களை, அப்பட்டமாக அருவருப்பூட்டும் விதத்தில் காட்டுகிறதா, விவரிக்கிறதா? மூன்றாவது: முழுமையாகப் பார்த்தால் இலக்கிய, கலை, அரசியல், அறிவியல் மதிப்பு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லையா?

புதிதாகப் படிப்பவர்கள் இங்கே மூன்று இடங்களில் தடுக்கி விழுவார்கள். ஒன்று, "முழுமையாக" என்ற சொல். ஒரு வரியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு தீர்ப்பு சொல்ல முடியாது. இரண்டு, சோதனை முழுக்கப் பாலியலைப் பற்றியது. கெட்ட வார்த்தை, வன்முறை, போலீஸைத் திட்டுவது, கடவுளைக் கிண்டல் செய்வது எதுவும் இந்தக் கூடைக்குள் வராது. மூன்று, முதல் இரண்டு கேள்விகளுக்கு வட்டார அளவுகோல். மூன்றாவதற்கு அது கிடையாது. நியாயமாக யோசிக்கும் ஒருவர் அதில் மதிப்பைக் காண்பாரா என்பதே மூன்றாவதற்கு உரைகல் என்று 1987இல் போப் எதிர் இல்லினாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஊரே ஒரு பாட்டை வெறுத்தாலும் அந்த வெறுப்பு மட்டும் போதாது என்று இதற்குப் பொருள்.

இரண்டு பக்கமும் தோற்ற தீர்ப்பு

1990 ஜூன் 6 அன்று நீதிபதி ஹோசே கொன்சாலஸ் தீர்ப்பளித்தார். ஜூரி (பொதுமக்களிலிருந்து எடுக்கும் தீர்ப்புக் குழு) இல்லை, அவரே கேட்டு, அவரே முடிவு செய்தார். தீர்ப்பில் இரண்டு பாதிகள் உண்டு. செய்தித்தாள்கள் ஒரு பாதியை மட்டுமே பெரிதாக எழுதின.

அந்தப் பாதி: ஆல்பம் ஆபாசமானதுதான். ஓர் இசை ஆல்பத்தைக் கூட்டாட்சி நீதிமன்றம் ஆபாசம் என்று அறிவித்தது அதுவே முதல் முறை. மெட்டையும் தாளத்தையும் விட வரிகளே ராப்பில் முன்னுக்கு நிற்கின்றன என்பதால் வரிகளை வைத்தே எடைபோடலாம் என்பது அவர் வாதம். வரியில்லாத வெறும் ஒலியை ஆபாசம் என்று நிரூபிப்பது கடினம் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

மறுபாதி: ஷெரிஃப் செய்தது சட்டவிரோதம். தீர்ப்பு வருவதற்கு முன் கடை கடையாகப் போய் மிரட்டி விற்பனையை நிறுத்தியது 'முன்தடை'. பேச்சு வெளிவந்த பிறகு தண்டிப்பதைவிட, வெளிவராமலே தடுப்பதை அமெரிக்கச் சட்டம் பல மடங்கு சந்தேகத்தோடு பார்க்கிறது. காரணம் எளிது. தண்டனை என்றால் குற்றச்சாட்டு, சாட்சி, குறுக்கு விசாரணை, மேல்முறையீடு என்று எல்லாம் உண்டு. மிரட்டலில் இதில் ஒன்றும் இல்லை. கடைக்காரருக்கு வழக்கு நடத்துவதில் லாபம் இல்லை, சரக்கை எடுத்து வைத்துவிடுவார். அதோடு பாட்டின் ஆயுள் முடிந்தது. காகிதத்தில் தடை என்று ஒன்று இல்லாததால் எதிர்த்து வழக்குப் போடவும் எளிதில் கைப்பிடி கிடைக்காது. எந்த நாட்டிலும் தணிக்கையின் மலிவான வடிவம் இதுதான்.

காசெட்டைத் தவிர வேறு சாட்சியம் இல்லை

குழு மேல்முறையீடு செய்தது. 1992 மே 7 அன்று பதினோராவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆபாசத் தீர்ப்பை ரத்து செய்தது. மில்லர் சோதனையை ஓர் இசைப் படைப்பின் மேல் வைத்துப் பார்க்கும்படி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றைக் கேட்பது இதுவே முதல் முறை போலிருக்கிறது என்று அந்த நீதிபதிகளே குறிப்பிட்டார்கள்.

ரத்துக்கான காரணம் நாடகத்தனமாக எதுவும் இல்லை, சாட்சியக் குறைபாடு. குழுவின் பக்கம் இசை விமர்சகர்கள் இருவர், ராப் வளர்ந்த பண்பாட்டை விளக்கிய அறிஞர் ஒருவர், உளவியலாளர் ஒருவர் சாட்சி சொல்லியிருந்தார்கள். ஷெரிஃப் தரப்பு கொடுத்தது காசெட் மட்டும். கலை மதிப்பு இல்லை என்பதை நிரூபிக்கும் பொறுப்பு ஷெரிஃபுடையது. நிபுணர்களை மறுக்க அவர் யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. நீதிபதி ஒருவர் தனியாக உட்கார்ந்து கேட்டாலே மதிப்பு இல்லை என்று முடிவுகட்டிவிடலாம் என்ற வாதத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. விஷயம் அதோடு முடிந்தது.

பாட்டை நல்ல பாட்டு என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். "மதிப்பு இல்லை என்று நிரூபிக்கவில்லை" என்பது வேறு, "மதிப்பு உண்டு" என்பது வேறு.

ஆனால் நடுவிலிருந்த இரண்டு ஆண்டுகளில் அடி விழுந்தவர்கள் விழுந்தவர்கள்தான். தீர்ப்பு வந்த இரண்டாம் நாள் ஃபோர்ட் லாடர்டேல் கடைக்காரர் ஒருவர் ஆல்பத்தை விற்றதற்காகக் கைதானார். அக்டோபரில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. பிறகு 1,000 டாலர் அபராதம். அதே அக்டோபரில் இன்னொரு ஜூரி, பெரியவர்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்ட ஒரு கிளப்பில் இதே பாடல்களைப் பாடிய குழுவினரை விடுதலை செய்தது. பாடியவர்களுக்கு விடுதலை, விற்றவருக்குத் தண்டனை. பாடகர்களின் வழக்கில் காவல்துறை ரகசியமாகப் பதிவு செய்த டேப்பில் பாதி வார்த்தைகள் புரியவே இல்லை. அதைக் கேட்கும்போது சிரிக்கலாமா என்று ஜூரியினர் நீதிபதியிடம் அனுமதி கேட்டார்கள், கிடைத்தது. (டேப் புரியாத கதை அமெரிக்காவுக்குப் புதிதில்லை. 1960களில் 'லூயி லூயி' பாடலில் ஆபாசம் ஒளிந்திருப்பதாகப் புகார் வந்து எஃப்பிஐ அதை ஆராய்ந்தது. எந்த வேகத்தில் ஓடவிட்டாலும் வரிகள் புரியவில்லை என்பதுதான் கண்டுபிடிப்பு.)

கொச்சைக்கு மதிப்பு எங்கிருந்து வரும்?

பாடகர்களின் வழக்கில் சாட்சி சொன்னவர்களில் இலக்கியப் பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் முக்கியமானவர். கறுப்பின மக்களிடம் 'டஸன்ஸ்' என்று ஒரு வாய்விளையாட்டு உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாறி மாறி ஒருவர் குடும்பத்தை மற்றவர் எகிறி எகிறித் திட்டுவார்கள். யார் திட்டு அதிகம் கற்பனையோடு இருக்கிறதோ அவர் ஜெயித்தார். கேட்பவர்கள் யாரும் அதை வாக்குமூலமாக எடுத்துக்கொள்வதில்லை. இந்தப் பாடல்களையும் அந்த மரபின் மிகைப்படுத்தலாகவும் நையாண்டியாகவும் படிக்க வேண்டும் என்றார் கேட்ஸ். தமிழில் இது விளங்காத விஷயம் இல்லை. வள்ளியும் தெய்வானையும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் ஏசல் நம்மிடம் இருக்கிறது, எசப்பாட்டு இருக்கிறது, வசைபாடக் காளமேகம் என்று ஒரு சொலவடையே இருக்கிறது.

இந்த வாதத்தில் ஓட்டையும் உண்டு. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1991இல் இதே வழக்கைப் பற்றி எழுதினார். கறுப்பின ஆண்களை மட்டும் குறிவைத்த வழக்கில் இனப்பாகுபாடு இருந்தது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். கூடவே, மரபு, நகைச்சுவை என்ற பெயரில் அந்த வரிகளில் அடிபடும் கறுப்பினப் பெண்களைக் கண்டுகொள்ளாமல் விடுவதையும் அவர் ஏற்கவில்லை. வழக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வரிகளைக் கடுமையாகக் கண்டிக்கலாம் என்பதற்கு அந்தக் கட்டுரையைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியாது. கருத்துச் சுதந்திரம் என்று சொன்னதும் விமர்சிக்கிறவர்களின் வாயை அடைக்கப் பார்ப்பவர்கள் இதைப் படிக்கலாம்.

ஸ்டிக்கர், கடை, வானொலி

ஆல்பங்களின் மூலையில் இருக்கும் கறுப்பு வெள்ளை எச்சரிக்கைச் சீட்டை அரசு ஒட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அரசுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. 1985இல் டிப்பர் கோர் முதலியோர் தொடங்கிய பெற்றோர் அமைப்பு ஒன்று கொடுத்த நெருக்கடியில், அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று செனட் குழு ஒன்று விசாரணை நடத்தியது. ஃபிராங்க் ஸாப்பா, ஜான் டென்வர், டீ ஸ்னைடர் மூவரும் வந்து எதிர்த்துப் பேசினார்கள். சட்டம் எதுவும் வரவில்லை. ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கம் தானாகவே எச்சரிக்கை போட ஒப்புக்கொண்டது. 1990இல் எல்லோருக்கும் ஒரே வடிவம் வந்தது. ஸ்டிக்கர் ஒட்டிய ஆல்பங்களை விற்க வால்மார்ட் மறுத்தது. கடைக்கு அந்த உரிமை உண்டு. முதல் சட்டத்திருத்தம் கட்டிப்போடுவது அரசை மட்டும்தான். ஆனால் சில சிறிய ஊர்களில் வால்மார்ட்டை விட்டால் வேறு கடை இல்லை என்னும்போது பலன் தடைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

இன்று ஸ்பாட்டிஃபையில் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் 'ஈ' எழுத்து இதே ஸ்டிக்கரின் வாரிசு. பாட்டை ஏற்றும் போதே விநியோகஸ்தரின் படிவத்தில் வரிகள் பச்சையானவையா, நீக்கப்பட்ட பதிப்பா, இரண்டும் இல்லையா என்று கேட்பார்கள். பொய்யாக நிரப்பினால் தளம் தானே குறி போடலாம், அல்லது பாட்டைத் திருப்பி அனுப்பலாம்.

வானொலி முற்றிலும் வேறு கதை. ஒலிபரப்பு கேட்பவர் வீட்டுக்குள் தானாக வந்து விழுகிறது, குழந்தைகளும் கேட்பார்கள் என்ற காரணங்களால் 1978இல் பசிஃபிகா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒலிபரப்புக்கு மட்டும் கூடுதல் கட்டுப்பாட்டை அனுமதித்தது. ஆபாசம் என்ற எல்லையைத் தொடாத, 'அநாகரிகம்' என்ற அளவில் நிற்கும் உள்ளடக்கத்தைக் காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை ஒலிபரப்பக் கூடாது. இரவு 10க்கு மேல் காலை 6 வரை தடையில்லை. சாட்டிலைட் வானொலிக்கும் இணையத்துக்கும் இந்த விதி கிடையாது. விதி மங்கலாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2001ஐப் பார்க்கலாம். எமினெம் பாடலின் வெட்டிய பதிப்பைப் போட்ட கொலராடோ நிலையத்துக்கு 7,000 டாலர் அபராதம். பெண்களை இழிவுபடுத்தும் ராப்பைக் கண்டித்துக் கவிஞர் சாரா ஜோன்ஸ் எழுதிய பாடலைப் போட்ட போர்ட்லாந்து சமூக வானொலிக்கும் 7,000 டாலர். கண்டிப்பதற்காகச் சொன்ன வார்த்தைக்கும் அதே தண்டனை! இரண்டு அபராதங்களும் பின்னால் திரும்பப் பெறப்பட்டன, இரண்டாவதற்கு 2003 வரை ஆனது.

வெட்டிய பதிப்பு தயாரிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கலவை (மிக்ஸிங்) முடியும் அன்றே குரல் தனியாகவும் இசை தனியாகவும் இரண்டு கோப்புகளை எடுத்து வையுங்கள். முடிந்த ஸ்டீரியோ கோப்பு மட்டும் கையில் இருந்தால், வார்த்தையை அணைக்கும்போது தாளமும் சேர்ந்து அணைந்து பாட்டு நொண்டும். குரல் தனியாக இருந்தால் அந்த வார்த்தையை மௌனமாக்கலாம், பின்னோக்கி ஓடவிடலாம், வேறு வார்த்தையைப் பாடிச் சேர்க்கலாம். முதல் எழுத்தின் ஒலியும் கடைசி எழுத்தின் ஒலியும் மிஞ்சினால் கேட்பவர் நடுவை நிரப்பிக்கொள்வார். கொலராடோ மாதிரிச் சிக்கல்கள் அங்கிருந்தும் பிறக்கலாம்.

மிரட்டல் என்றால் கணக்கு வேறு

பாலியல் இல்லாத வரிகளும் சிக்கலில் மாட்டலாம், மிரட்டல் என்ற கதவு வழியாக. பிட்ஸ்பர்க்கில் ஒரு ராப் பாடகர் தன்னைக் கைது செய்த காவலர்களின் பெயரைச் சொல்லி, அவர்கள் வேலை முடியும் நேரம் தனக்குத் தெரியும் என்றும் பாடினார். 2018இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அது மிரட்டலே என்று தண்டனையை உறுதி செய்தது. பொதுவாகப் போலீஸைத் திட்டுவதற்கும், பெயரும் நேரமும் குறிப்பிட்டுப் பாடுவதற்கும் உள்ள தூரம் அது. இப்படிப்பட்ட வழக்குகளில் மிரட்டுவது போல் ஆகலாம் என்று தெரிந்தும் அலட்சியமாகப் பேசியிருக்க வேண்டும் என்பது 2023 முதல் குறைந்தபட்சத் தேவை. பாடல் வரிகளை ஒப்புதல் வாக்குமூலம் போல ஜூரி முன் படிப்பதைக் கட்டுப்படுத்தக் கலிஃபோர்னியா 2022இல் தனிச் சட்டமே போட்டது.

இந்தியாவில் எந்தப் பிரிவு?

அரசியலமைப்பின் 19(1)(அ) பேச்சுரிமை தருகிறது. 19(2) "கண்ணியம், ஒழுக்கம்" என்ற காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாட்டை அனுமதிக்கிறது. கதவு அமெரிக்காவைவிடக் குறுகலானது. ஆனாலும் சோதனை இப்போது அமெரிக்கச் சோதனைக்கு உறவாகிவிட்டது. 1868இன் ஆங்கிலேய ஹிக்லின் அளவுகோல், தனி வரியைப் பிடுங்கி, பலவீனமான மனம் கெட்டுவிடுமா என்று பார்த்தது. நம் நீதிமன்றங்கள் நீண்ட காலம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. 2014இல் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை விட்டுவிட்டு, சமகாலச் சமூக அளவுகோலுக்கு மாறியது. 2024 மார்ச்சில் ஒரு இணையத் தொடர் வழக்கில் இன்னும் ஒரு படி: கொச்சையும் கெட்ட வார்த்தையும் அருவருப்பூட்டலாம், அதனாலேயே ஆபாசமாகிவிடாது.

பாட்டைப் பெயர் சொல்லியே குறிக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 296. பொது இடத்திலோ அதன் அருகிலோ ஆபாசப் பாட்டைப் பாடியோ ஆபாச வார்த்தை பேசியோ மற்றவர்களுக்குத் தொல்லை கொடுத்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நம்மூர்ப் புகார்களில் இந்தப் பிரிவு கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கப்படுகிறது. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து போன மதனகோபால் எதிர் லலிதா வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: வார்த்தை மட்டும் போதாது, மற்றவர்களுக்குத் தொல்லை ஏற்பட்டது என்பதற்கும் ஆதாரம் வேண்டும். என்ன வார்த்தை, எங்கே, யாருக்குத் தொல்லை என்று எழுதாத புகார் இங்கேதான் விழுகிறது.

இணையத்தில் வந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67: முதல் முறைக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். 2015 டிசம்பரில் கசிந்த 'பீப் பாடல்' விவகாரத்தில் கெட்ட வார்த்தை பீப் ஒலியால் மூடப்பட்டிருந்தும் கோவையில் வழக்குப் பதிவானது. பீப் ஒலி இருந்தால் வழக்கே வராது என்று நம்ப முடியாது.

முன்தடையைப் பொறுத்தவரை நம் நிலைமை விசித்திரமானது. திரைப்படப் பாடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். படத்தில் இல்லாத தனி ஆல்பம் வீடியோவும் கேபிள் டிவியில் வர வேண்டுமானால் எல்லோரும் பார்க்கத்தக்கது என்ற சான்றிதழ் வேண்டும். அதே வீடியோவை யூடியூபில் ஏற்றினால் யாரிடமும் முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. புகார் வந்தால்தான் பேச்சு.